ஸுல்மா அறுத்த சுவர்

கூட்டுறவு வீடுகளைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் சட்டத்தில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் கூட்டுறவுகளின் சம்மேளனத்துக்காக முப்பது வருஷம் துண்டறிக்கை எழுதினேன். ஒரு லாரி தேறும். பாதிப் பேர் அதில் அடுப்புப் பற்றவைத்தார்கள். இந்த முறை ஸுல்மா பெரூட்டியிடம் இருந்து ஆரம்பிக்கிறேன்.

மொண்டெவிடியோ துறைமுகத்து மீன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் மெர்லூசா மீன் அறுத்தவள் ஸுல்மா. குட்டை உருவம், தடித்த மணிக்கட்டு, வாயைத் திறந்தால் கடை வீதிக்கே கேட்கும் குரல். பழைய நகரத்தில் ஒரு வாடகை அறையில் மகள் யாமிலாவோடு இருந்தாள். ஒரே அறை, ஜன்னல் கிடையாது, மாடியில் இருந்த பதினொரு பேருக்கும் ஒரே கக்கூஸ். கட்டடத்தை விற்கப் போவதாக வீட்டுக்காரன் வருஷா வருஷம் மிரட்டுவான். அந்த அறையில் இருந்து வெளியேற அவளுக்கு இருந்த ஒரே வழி எங்கள் கூட்டுறவு.

லா தேகா பேட்டையில், ஓடைக்குச் சரியும் ஒரு மேட்டு நிலம். முன்பு அங்கே கம்பளிக் கிடங்கு இருந்தது. அதனால் கூட்டுறவுக்கும் 'பர்ராக்கா' என்றே பெயர் வைத்தார்கள், கிடங்கு என்று அர்த்தம். இருபத்தெட்டுக் குடும்பங்கள். குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேரம் உடல் உழைப்பு, அதில் தள்ளுபடி கிடையாது. டாக்டர் சீட்டு கொண்டுவந்தவனை உட்கார்ந்தபடியே கம்பி கட்ட வைத்தார்கள். கிடங்கை இடித்த செங்கல் ஒன்றைக்கூட வெளியே போக விடவில்லை. குழந்தைகள் தவிர எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகச் சுரண்டி அடுக்கினார்கள். மழை பெய்தால் அந்தக் கல்லில் ஆட்டு வாடை அடிக்கும். பூமியின் தென்பாதியில் குளிர்கால வெயில் வடக்கே இருந்துதான் வரும், அது உள்ளே விழட்டும் என்று எல்லா ஜன்னலும் வடக்கே பார்த்தன. கூரைத் தண்ணீர் முழுக்க ஒரே தொட்டிக்குப் போனது. துணி துவைக்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, கூட்டம் போட என்று பொதுவாக ஒரு மண்டபம். வீட்டை யாரும் விற்க முடியாது. வீடு கூட்டுறவுடையது, குடியிருக்கும் உரிமை குடும்பத்துடையது.

இன்னொரு விதியும் உண்டு. இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. எந்த வீடு யாருக்கு என்று கட்டும்போது ஒருவருக்கும் தெரியாது. கடைசி ஜன்னலும் மாட்டிய பிறகுதான் குலுக்கல். எல்லாச் சுவரையும் தன் சுவர் என்று நினைத்துக் கட்டுவார்கள் என்பதற்காக அந்த ஏற்பாடு. துண்டறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

2010 ஜூன் 26, சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு உலகக் கோப்பைக் கால்பந்தில் எங்கள் நாட்டுக்குத் தென் கொரியாவோடு ஆட்டம். அன்றைக்குத்தான் ஓடை ஓரத்துக் கீழ்வரிசையில், இருபதில் இருந்து இருபத்தெட்டு வரை ஒன்பது வீடுகளுக்கு, அஸ்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போட வேண்டும். சிமெண்டுக் கலவையில் ஒரு வெள்ளை மருந்தை ஊற்றிக் குழைத்து இரண்டு விரல் கனத்துக்குப் பூசி, காய்ந்ததும் மேலே தார் அடிப்பது. பழைய கல் தண்ணீரை உறிஞ்சும். மருந்து இல்லாவிட்டால் தரையில் இருக்கும் ஈரம் சுவர் வழியே இடுப்பு வரைக்கும் ஏறும். வீட்டை எத்தனை வருஷம் சூடாக்கினாலும் காயாது.

அன்றைய வேலைக்கு ஸுல்மா பொறுப்பு. மருந்து டிரம்கள் ஸ்டோர் ரூமில், சாவி அவள் ஏப்ரன் பையில். கொட்டகையில் இருந்த டிவி கெட்டுப்போயிருந்தது. "நான் போய் எங்க ரூம் டிவியத் தூக்கிட்டு வந்துர்றேன், அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு எட்டரைக்குக் கிளம்பினாள். சாவி பையிலேயே போய்விட்டது. தெருவெல்லாம் கொடி, மேளம். பஸ் நகரவில்லை. மடியில் டிவியை வைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது மணி பத்தே முக்கால். அதற்குள் பூச்சு முடிந்து தாரும் அடித்துவிட்டிருந்தார்கள். ஒன்பது அஸ்திவாரமும் பளபளவென்று கறுப்பாக இருந்தன. அவளுக்குச் சந்தோஷம். எப்படி முடித்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். இரண்டாவது கோலுக்கு அவள் குதித்த குதியில் பெஞ்சு உடைந்தது.

திங்கட்கிழமை ஸ்டோரைத் திறந்தாள். ஆறு டிரம் வைத்த இடத்தில் ஆறும் இருந்தன. மூடி உடைக்கப்படவில்லை.

மருந்தே இல்லாமல் வெறும் கலவையைப் பூசி மேலே தார் அடித்துவிட்டார்கள். அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சொல்லவில்லை. தார் இருக்கிறதே, அது போதும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவளை நல்லவளாக்கிக் காட்ட எனக்கு ஆசை இல்லை. பயந்தாள், அவ்வளவுதான். பெரிய தவறு செய்தவரைப் பொதுக்கூட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் வெளியேற்றலாம் என்று விதி இருந்தது. வெளியேற்றினால் திரும்ப அந்த ஜன்னல் இல்லாத அறைதான். செவ்வாய்க்கிழமை முதல் வரி கல் ஏறியது. புதன்கிழமை நாலாவது வரி. ஒவ்வொரு வரி ஏறும்போதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. ஏப்ரலில் கூரையும் போட்டாகிவிட்டது.

அடுத்த குளிர்காலம். மே மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காவல் முறை ஸுல்மாவுக்கு. கட்டுமானச் சாமானைக் காக்க அவர்களே முறை வைத்துக் காவல் இருப்பார்கள். கீழ்வரிசை வழியாக நடந்தவள் இருபத்து மூன்றாம் நம்பர் வீட்டில் நின்றாள். சுவரின் அடியில், முழங்கால் உயரத்துக்கு, ஒரே மட்டமாக ஒரு கறுப்புக் கோடு. பக்கத்து வீட்டிலும் அதே கோடு. ஒன்பது வீட்டிலும்.

மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கூரை ஒழுகல் என்றார்கள், புதுச் சுவர் வேர்க்கும் என்றார்கள். காரணம் ஸுல்மாவுக்குத் தெரியும். பிறகு அவள் செய்த காரியத்துக்குத்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

மெர்லூசாவை அறுக்கும்போது கத்தி முள்ளை ஒட்டியே போக வேண்டும், முள் உடையக் கூடாது. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்று. அதையே சுவரில் செய்தாள். இருபத்து மூன்றாம் வீட்டில், ஒரே ஒரு மீட்டர் நீளத்துக்கு, அடியில் இரண்டு வரிக் கல்லை உளியால் தட்டித் தட்டி உருவினாள். மேலே உள்ள சுவர் அந்த ஒரு மீட்டர் பொந்தின் மேல் விழாமல் தாங்கி நின்றது. பழைய பூச்சைச் சுரண்டி, மருந்து கலந்து புதுசாகப் பூசி, தார் அடித்து, காய்ந்ததும் கல்லைத் திரும்ப வைத்து, மேல் இடுக்கில் ஓட்டுச் சில்லைச் செருகி, கெட்டிக் கலவையைக் குத்திக் குத்தி அடைத்தாள். அதன் இடப்பக்கம் ஒரு மீட்டரையும் வலப்பக்கம் ஒரு மீட்டரையும் தொடவில்லை. மூன்றுக்கும் எதிரில் கரி அடுப்பு வைத்துக் காயவைத்தாள். ஒருவருக்கும் சொல்லாமல், தன் காவல் நாட்களில் மட்டும். அப்புறம் மழைக்குக் காத்திருந்தாள். மழை வந்தது. இரண்டு ஓரமும் திரும்ப ஊறின. நடு மீட்டர் ஊறவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பொதுக்கூட்டம். சம்மேளனத்தின் சார்பில் நானும் போயிருந்தேன். கொட்டகையில் பரங்கிக்காயும் எலும்பும் போட்ட குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமையல் பொறுப்பு ரமோனாவுக்கு. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள், அவளைக் கேட்காமல் யாரும் கரண்டியைத் தொட முடியாது. நிகழ்ச்சி நிரலில் ஜன்னல் வாங்குவது பற்றி இருந்தது. ஸுல்மா எழுந்தாள்.

"ஜன்னல் அப்புறம். கீழ்வரிசை ஈரம் கூரையில இருந்து வரல. அடியில இருந்து வருது. பூச்சுல மருந்து இல்ல. சாவி என் பையில இருந்துச்சு, நான் டிவி எடுக்கப் போயிட்டேன். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். ஒரு வருஷமா மறைச்சேன்."

ரமோனா குழம்பில் இருந்து கரண்டியை எடுத்தாள்.

முதலில் எழுந்தவன் எல்பியோ. பஸ் டிரைவர், நெட்டை, எப்போதும் தலையில் ஒரு பெரே தொப்பி. "ஒரு வருஷமா! எங்க முதுகு ஒடிஞ்சுது ஒரு வருஷமா! யாருக்கோ அந்த வீடு விழுந்திருக்கும், அவன் புள்ளைங்க இருமியே செத்திருக்கும். நீ மேல்வரிசையில குந்திக்கிட்டு மாத்தே டீ குடிச்சிருப்ப!"

"எனக்கும் விழுந்திருக்கலாம்ல?"

"அதான், விழுந்தா அப்ப வாயத் தொறந்திருப்ப. தோழர்களே, விதி இருக்கு. வெளியேத்தணும். நான் முன்மொழியிறேன்."

நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்கள் கட்டடக் கலைஞர் இவோன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வீட்டையும் இடித்தால் ஒரு வருஷம் போகும், அதற்குள் வீடு கட்ட வாங்கிய கடனின் கெடு முடிந்துவிடும் என்றாள். அப்படியானால் கீழ்வரிசை மட்டும் இல்லை, பர்ராக்காவே படுத்துவிடும். எல்லோருக்கும் அது புரிந்தது. அதனால் கத்தல் இன்னும் கூடியது.

"இடிக்க வேண்டாம்" என்றாள் ஸுல்மா. "என்னை வெளியேத்துங்க, அத அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இருபத்து மூணுக்கு வாங்க. ரெண்டு நிமிஷம்."

"என்ன, மந்திரமா?" என்றான் எல்பியோ.

"மீன் அறுத்த மாதிரி அறுத்திருக்கேன். வந்து பாரு, நெட்டக்கொக்கே."

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது பேரும் சேற்றில் இறங்கிப் போனோம். ஒரு அறைக்குள் அத்தனை பேரும் அடைந்து நின்றார்கள். சுவரில் அந்தக் கறுப்புக் கோடு வந்து, ஒரு மீட்டருக்கு மட்டும் விழுந்த பல் மாதிரி காணாமல் போய், மறுபடி ஆரம்பித்தது. இவோன் மண்டியிட்டு விரலால் தடவினாள். அப்புறம் நகத்தால் சுரண்டினாள்.

"இத யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. ஒரு மீட்டர் வரைக்கும் சுவர் தாங்குது. வேற சுவர்ல ஒன்னரை மீட்டர் பண்ணிப் பாத்தேன், ஒரு கல்லு தொங்குச்சு. அதனால ஒரு மீட்டர். ஒன்னு விட்டு ஒன்னு. அது இறுகினப்புறம் நடுவுல விட்டது."

இவோன் எழுந்து பையில் இருந்து நோட்டை எடுத்தாள். அவள் கணக்குப் போட ஆரம்பித்த மாதிரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நடக்கும் என்று.

எல்பியோ விடவில்லை. "சரி, வேலை நடக்கட்டும். ஆனா இவ போகணும். மறைச்சவ மறைச்சவதான்."

ரமோனா கரண்டியைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். அதை நீட்டி, "ஒரு சந்தேகம்" என்றாள். "சாவி இவகிட்ட இருந்துச்சு. சரி. கலவை போட்டது யாரு? மருந்து ஊத்தலன்னு கலவை போட்டவனுக்குத் தெரியாதா? ஸுல்மா, அன்னைக்கு யார் யார் இருந்தா?"

"பொறுப்பு என்னோடது" என்றாள் ஸுல்மா. "பேரெல்லாம் வேண்டாம்."

"நான் உன்ன ஒளிக்கச் சொல்லலயே, பேரச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

கூரையில் மழை விழுந்தது. அப்போது எல்பியோ தொப்பியைக் கழற்றினான். அவன் வழுக்கையை அன்றைக்குத்தான் பல பேர் முதல் முறை பார்த்தார்கள்.

"கலவை நான்தான் போட்டேன்" என்றான். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "மணி ஒம்பதாச்சு. இவ வரல. தாரடிச்சா போதும்னு நான்தான் சொன்னேன். ஆட்டம் பாக்கணும்."

"அதான் இவ்வளவு சத்தமா?" என்றாள் ரமோனா.

அதற்குப் பிறகு இன்னொருவன் கை தூக்கினான். இன்னும் நான்கு பேர். மொத்தம் ஆறு பேர். ஒரு வருஷமாக ஆறு பேரும் தனித்தனியாக அதே பயத்தில் இருந்திருக்கிறார்கள். குலுக்கலில் தனக்குக் கீழ்வரிசை வீடு விழக் கூடாது என்று ஆறு பேரும் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். என் துண்டறிக்கை அங்கேதான் செத்தது.

வெளியேற்றும் தீர்மானத்துக்கு ஓட்டெடுத்தார்கள். இரண்டு கைதான் எழுந்தது. அடுத்த தீர்மானம் ரமோனாவுடையது: கீழ்வரிசை முடியும் வரை வேலைக்கு ஸுல்மா தலைமை, அவளுக்குச் சித்தாளாக எல்பியோ. சிரிப்பில் ஓட்டெண்ணவே முடியவில்லை.

இருநூற்று முப்பத்து நான்கு மீட்டர் சுவர். வாரம் இருபத்தொரு மணி நேரத்தை முப்பது ஆக்கிக்கொண்டார்கள், யாரும் சொல்லாமலே. சுவர் முழுக்கச் சுண்ணாம்பால் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று குறி போட்டாள் ஸுல்மா. ஒன்று என்று எழுதியதை இந்த வாரம் அறு. இரண்டைத் தொட்டால் கையை உடைப்பேன். மீன் கம்பெனியில் இருந்து பிளாஸ்டிக் ஏப்ரன் கொண்டுவந்து எல்லோருக்கும் கட்டிவிட்டாள். ஒவ்வொரு காலையும் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, அவர்கள் கண் எதிரே மருந்து டிரம்மைத் திறந்து, எல்பியோ கையாலேயே கலவையில் ஊற்ற வைப்பாள்.

"ஊத்து. எல்லாரும் பாத்தீங்களா? பாத்தோம்னு சொல்லுங்க."

"பாத்தோம், மேடம்" என்பான் எல்பியோ, பள்ளிக்கூடப் பையன் குரலில்.

"கிண்டல் பண்ணாத. கல்ல எடு."

செப்டம்பரில் இருபத்து ஆறாம் வீட்டில், அறுத்த பொந்துக்கு மேலே மூலையில் ஒரு கீறல் விழுந்தது. டப்பென்று சத்தம். எல்லோரும் வெளியே ஓடினார்கள், ஸுல்மா உள்ளே ஓடினாள். "முட்டு! முட்டு கொண்டா!" எல்பியோ ஒரு முட்டுக்கட்டையைத் தோளில் வைத்துச் சுவரோடு சாய்ந்து நின்றான், முகம் சிவந்து. ரமோனாவும் இன்னும் பத்துப் பெண்களும் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் மணி நேரத்தில் பதினாலு முட்டு. இவோன் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். சுவர் அரை விரல் இறங்கியிருந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. அந்த மூலையை அறுபது சென்டிமீட்டராக அறுத்து முடித்தார்கள். அதன் பிறகு ஒரு கல்லும் அசையவில்லை. பதினாலாவது வாரம் கடைசி மீட்டர் அடைத்தார்கள். கடன் கெடுவுக்கு ஐந்து வாரம் பாக்கி இருந்தது.

மார்ச்சில் குலுக்கல். அதற்கு முன்னால் ஸுல்மா எழுந்து, "கீழ்வரிசையில ஒரு வீட்ட எனக்குக் குலுக்காமலே குடுங்க. நான் பண்ணுனது, நானே இருக்கேன்" என்றாள்.

"முடியாது" என்றது கூட்டம். இங்கே யாரும் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை, தண்டனையாகக்கூட. ஒரு துணிப்பையில் இருபத்தெட்டுச் சீட்டு. அவளுக்கு மேல்வரிசை நாலாம் நம்பர் விழுந்தது. ஒரு மாதிரியாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ரமோனாவுக்கு இருபத்தெட்டு. எல்பியோ சீட்டைப் பிரித்தான், படித்தான், மடித்தான்.

"எந்த நம்பர்?" என்று நாலு பக்கமும் கேட்டார்கள்.

"இருபத்தாறு."

கொட்டகை அதிர்ந்தது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டில் தென்மேற்குக் காற்றோடு நாலு நாள் விடாத மழை. ஓடை கரையைத் தொட்டது. ஐந்தாம் நாள் காலை, மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தபோதே, ஸுல்மா பூட்ஸ் போட்டுக்கொண்டு கீழ்வரிசைக்கு இறங்கினாள். அவள் போவதைப் பார்த்து ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள். எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள், நானும் போயிருந்தேன். இருபதாம் வீட்டில் கட்டிலை நகர்த்தினாள், சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். காய்ந்திருந்தது. இருபத்தொன்று, காய்ந்திருந்தது. இருபத்து மூன்றில் அவள் முதலில் அறுத்த மீட்டர் எது என்று அவளுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. சுவர் முழுக்க ஒரே நிறம்.

இருபத்தாறில் எல்பியோ வாசலை மறித்து நின்றான். "சேத்துக் காலோட உள்ள வராதீங்க. இது வீடு, வேலை நடக்கிற இடம் இல்ல."

"சுவரப் பாக்கணும்."

"நான் தினமும் மூணு தடவ பாக்குறேன். ராத்திரி எந்திரிச்சுக்கூடத் தடவுறேன். எம்பொண்டாட்டி எனக்குப் பைத்தியம்னு சொல்றா."

"வழி விடுய்யா."

பூட்ஸைக் கழற்றி உள்ளே போனாள். கீறல் விழுந்த அந்த மூலையில் குந்தி உட்கார்ந்து கன்னத்தையே சுவரில் வைத்தாள். எல்பியோவும் பக்கத்தில் குந்தினான். வெளியே இருந்து ரமோனா கத்தினாள்: "என்ன ஆச்சு, அடியே?"

"காஞ்சிருக்கு!"

இருபத்தேழு. இருபத்தெட்டு. ஒன்பது வீடும் காய்ந்திருந்தன. ரமோனாவின் அடுப்படிச் சுவரில் இருந்து கையை எடுத்து ஸுல்மா நிமிர்ந்தபோது, வாசலில் மழையில் நின்ற கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. முதலில் தட்டியவன் எல்பியோ, தொப்பி இல்லாமல். கைதட்டல் மேல்வரிசை வரைக்கும் போனது.

ஸுல்மாவுக்குக் கண் கலங்கியது. முதுகைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அவளுடைய அந்தக் கடை வீதிக் குரலில், "போதும் நிறுத்துங்கப்பா! அங்க பாருங்க, வாய்க்கால் அடைச்சுக்கிட்டு நிக்குது. மம்மட்டி எங்க?" என்றாள்.

இருபத்தெட்டு வீட்டிலும் மம்மட்டி இருந்தது.